சபைக்கு வருகிறவர் வாடிக்கையாளரா, சீடரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போதும், வீட்டு ஜெபக்கூட்டங்களிலும், வேதபாட வகுப்புகளிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன். உதாரணங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவைச் சேர்ந்தவை. நுகர்வுக் கலாசாரம் சபைக்குள் நுழைந்து, வருகிறவரை வாடிக்கையாளராக்கும் இந்தப் போக்கு பெரிய அளவில் உருவானதும், அதிகமாக எழுதிவைக்கப்பட்டிருப்பதும் அங்கேதான். நானும் சுவிசேஷ சபையில் வளர்ந்தவன். என் வீட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நுகர்வுக் கலாசாரம் என்று எதைச் சொல்கிறீர்கள்? பொருள் வாங்குவதே தப்பா?

அரிசி வாங்குவதிலும் சட்டை வாங்குவதிலும் ஒரு தப்பும் இல்லை. கடையில் யார் யாருக்கு என்ன உறவு என்று பாருங்கள். பிடித்தால் வாங்குவோம், பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போவோம். கடைக்காரர் நம் குணத்தைப் பற்றிப் பேச மாட்டார். பேசினால் நாம் மறுபடி அந்தப் பக்கம் போக மாட்டோம். கடைக்கு அது சரி.

அதே மனதோடு சபைக்குள் வரும்போதுதான் சிக்கல். வேதவாக்கியம் "உபதேசத்துக்கும், கடிந்துகொள்ளுதலுக்கும், சீர்திருத்தலுக்கும், நீதியைப் படிப்பிக்குதலுக்கும்" பிரயோஜனமுள்ளது என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். இந்த நான்கில் இரண்டாவதும் மூன்றாவதும் கேட்பவருக்குக் கசக்கும். வாடிக்கையாளரை யாரும் கடிந்துகொள்ள முடியாது. சபைக்கு வருகிறவர் வாடிக்கையாளர் ஆகிவிட்டால், வேதம் செய்ய வேண்டிய வேலையில் பாதி அந்த இடத்தில் நின்றுபோகிறது. நான் இந்தப் பக்கத்தில் சொல்ல வருவது அடிப்படையில் இதைத்தான்.

இது எப்போது, எங்கே தொடங்கியது?

விளம்பரமும் கூட்டம் சேர்க்கும் உத்திகளும் சபைக்குப் புதிதில்லை. 19-ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்கப் பிரசங்கியார் சார்லஸ் ஃபின்னி, சரியான முறைகளைக் கையாண்டால் எழுப்புதல் வரும் என்று போதித்தார். ஆனால் இன்று நாம் பார்க்கிற வடிவம் 1955-இல் கலிபோர்னியாவில் தெரியத் தொடங்கியது. ராபர்ட் ஷுல்லர் என்ற போதகர் ஒரு திறந்தவெளி சினிமா அரங்கை வாடகைக்கு எடுத்து, அங்கிருந்த சிற்றுண்டிக் கடையின் கூரைமேல் நின்று பிரசங்கம் செய்தார். மக்கள் காரைவிட்டு இறங்காமலே ஆராதனையில் கலந்துகொண்டார்கள். பிற்பாடு 1980-இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிப் பலகைகளால் ஆன 'கிறிஸ்டல் கதீட்ரல்' எழுந்தது. பாவத்தைத் தன்மதிப்புக் குறைவு என்ற கோணத்தில் விளக்க வேண்டும் என்று ஷுல்லர் எழுதினார். மக்களின் மனக்காயத்தைத் தொடுவதுதான் அவருடைய நோக்கம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

1975-இல் சிகாகோவுக்கு அருகே, பாலடைன் என்ற ஊரில், பில் ஹைபல்ஸ் என்ற இளைஞர் தன் நண்பர்களோடு வீடு வீடாகப் போனார். "நீங்கள் சபைக்குப் போவதுண்டா? இல்லையென்றால் ஏன்?" என்று கேட்டார்கள். எப்போதும் பணம் கேட்கிறார்கள், சலிப்பாக இருக்கிறது, என் வாழ்க்கைக்குச் சம்பந்தமில்லாததைப் பேசுகிறார்கள் என்பது போன்ற பதில்கள் கிடைத்தன. அந்தக் குறைகள் எதுவும் கண்ணில் படாதபடி ஓர் ஆராதனையை வடிவமைத்து, ஒரு சினிமா தியேட்டரில் தொடங்கினார்கள். அந்தத் தியேட்டரின் பெயரே சபைக்கும் வந்தது: வில்லோ கிரீக். வார இறுதிக் கூட்டம் தேடி வருகிறவர்களுக்காக. விசுவாசிகளுக்கான ஆழமான போதனை வாரநாளில் தனியாக. முப்பது வருடத்துக்குள் வாரத்துக்கு இருபதாயிரம் பேர் வரை வந்தார்கள். உலகம் முழுவதிலுமிருந்து போதகர்கள் போய்க் கற்றுக்கொண்டு வந்தார்கள்.

1980-இல் கலிபோர்னியாவில் ரிக் வாரன் தொடங்கிய சாடில்பேக் சபை, தான் சென்றடைய விரும்பும் ஆளுக்கு 'சாடில்பேக் சாம்' என்று பெயரே வைத்தது. படித்தவர், வேலையில் திருப்தி உள்ளவர், வசதியானவர். ஒரு சோப்பு கம்பெனி தன் வாடிக்கையாளரை வரைந்து பார்ப்பது போலவே.

மக்களிடம் போய்க் கேட்டதில் என்ன தப்பு? பவுலே "எல்லாருக்கும் எல்லாமானேன்" என்றாரே?

கேட்டதில் தப்பில்லை. கேட்காமல் இருப்பதுதான் அன்பில்லாத செயல். சபைக்கு வராதவர் ஏன் வரவில்லை என்று ஒரு நாளும் விசாரிக்காத சபைகள் ஏராளம். இந்த விஷயத்தில் ஹைபல்ஸ் செய்ததை நான் மதிக்கிறேன்.

ஆனால் பவுலுக்கும் அந்த மாதிரி ஒரு விசாரிப்பின் முடிவு கையில் இருந்தது என்பதை நாம் கவனிப்பதில்லை. 1 கொரிந்தியர் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். யூதர்கள் அடையாளத்தைக் கேட்கிறார்கள், கிரேக்கர் ஞானத்தைத் தேடுகிறார்கள் என்கிறார். எந்த ஊரில் எது விலைபோகும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. உடனே என்ன சொல்கிறார்? "நாங்களோ சிலுவையில் அறையப்பட்டிருக்கிற கிறிஸ்துவைப் பிரசங்கிக்கிறோம்." யூதருக்கு இடறலாகவும் கிரேக்கருக்குப் பைத்தியமாகவும் இருக்கிற ஒன்றை, இரண்டு பேருக்கும் பிடிக்காத ஒன்றை, தெரிந்தே முன்னால் வைக்கிறார்.

அப்படியானால் "எல்லாருக்கும் எல்லாமானேன்" என்பது என்ன? அதே கடிதத்தின் 9-ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசித்தால் புரியும். அங்கே பவுல் விட்டுக்கொடுப்பதெல்லாம் தன்னுடைய உரிமைகளை: சம்பளம் வாங்கும் உரிமை, மனைவியைக் கூட்டிக்கொண்டு போகும் உரிமை. அவர் தன்னை வளைத்துக்கொண்டார். செய்தியைக் கொஞ்சமும் வளைக்கவில்லை. இன்று பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. செய்தி வளைகிறது, போதகரின் வசதி வளைவதில்லை.

வில்லோ கிரீக் சபையே தன் முறையைச் சோதித்துப் பார்த்ததாகச் சொல்கிறார்களே?

ஆமாம். அந்த நேர்மைக்காகவே அவர்களைப் பற்றி நான் அதிகம் பேசுகிறேன். தங்கள் நிகழ்ச்சிகளால் மக்கள் ஆவிக்குரிய வாழ்வில் வளர்கிறார்களா என்று ஒரு கணக்கெடுப்பு நடத்தி, 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நிறைய நிகழ்ச்சிகளில் கலந்துகொள்வதால் மட்டும் ஒருவர் தேவன்மேலும் பிறன்மேலும் வைக்கும் அன்பில் வளர்வதில்லை என்று தெரிந்தது. அதைவிட அதிர்ச்சி, விசுவாசத்தில் முதிர்ந்தவர்களிலேயே பலர் சபையில் திருப்தியில்லாமல், விட்டுப்போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். மக்கள் தாங்களே வேதத்தை வாசித்துத் தங்களைப் போஷித்துக்கொள்ளப் பழக்கியிருக்க வேண்டும், அதில் தவறிவிட்டோம் என்ற கருத்தில் ஹைபல்ஸ் வெளிப்படையாகப் பேசினார்.

அடுத்தடுத்த வருடங்களில் இதே ஆய்வை மற்ற சபைகளுக்கும் விரித்தார்கள். ஒருவர் எந்த நிலையில் இருந்தாலும் அவருடைய வளர்ச்சிக்கு மிக அதிகமாகத் துணைசெய்தது எது என்று பார்த்தால், வேதத்தைத் தனியே தியானிப்பதுதான். இதில் எதுவும் நம் பாட்டிகளுக்குத் தெரியாததில்லை. விடியற்காலையில் கண்ணாடி மாட்டிக்கொண்டு சத்தமாய் வாசித்த அந்தத் தலைமுறையை நினைத்துக்கொள்கிறேன்.

(ஹைபல்ஸ் 2018-இல் பெண்களிடம் தவறாக நடந்துகொண்டார் என்ற குற்றச்சாட்டுகளின் நடுவே பதவி விலகினார். குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். புகார் சொன்ன பெண்களை முதலில் நம்பாமல் போனதற்காக மூப்பர்கள் மன்னிப்புக் கேட்டு, மொத்தமாகப் பதவி விலகினார்கள்.)

இந்தச் சபைகள் வேதத்தை மறுக்கின்றனவா?

பெரும்பாலும் இல்லை. விசுவாச அறிக்கையை எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். அதனால்தான் கண்டுபிடிப்பது கடினம். சொல்லப்படுவதில் குறை இருக்காது. சொல்லாமல் விடப்படுவதில் இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் என் பழைய பிரசங்கக் குறிப்பு நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். நான் அப்போது போய்க்கொண்டிருந்த சபையில் இரண்டு வருடங்களாக எழுதியவை. எரேமியா 29:11 எத்தனையோ முறை வந்திருந்தது. சங்கீதம் 23, ஏசாயா 43, பிலிப்பியர் 4:13 ஆகியவையும் அப்படியே. ஏழைகளை ஒடுக்குகிறவர்களைக் கண்டிக்கும் ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகம் ஒரு முறையும் இல்லை. ஐசுவரியவான்களை எச்சரிக்கும் யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் இல்லை. மலைப்பிரசங்கத்தில் "கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்" இருந்தது. "தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஊழியஞ்செய்ய உங்களால் கூடாது" இல்லை. அந்த இரண்டு வருடத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஒவ்வொரு வாரமும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். நோட்டுகளைக் கண்டபிறகுதான் நெஞ்சு கனத்தது. தப்பு போதகருடையது மட்டுமில்லை. எனக்குப் பிடித்ததைத்தான் நானும் எழுதிவைத்திருந்தேனோ என்னவோ.

எரேமியா 29:11-ஐயே எடுத்துக்கொள்வோம். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." வருடப்பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையாக நம் கையில் வருகிற வசனம். அதற்கு முந்தின வசனம் என்ன சொல்கிறது? பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்தபின்பு. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் இது. அதைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் அந்த விடுதலையைப் பார்க்காமலே அந்நிய தேசத்தில் செத்துப்போயிருப்பார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்ட ஆறுதல் அது. அந்த எழுபது வருஷத்தை வெட்டிவிட்டு அட்டையில் அச்சிடும்போது, வசனம் அதே வசனம்தான், சொல்லும் செய்தி மட்டும் வேறாகிவிடுகிறது.

2 கொரிந்தியர் 2:17-இல் பவுல், "அநேகரைப்போல நாங்கள் தேவவசனத்தைக் கலப்பாய்ப் பேசாமல்" என்கிறார். மூல கிரேக்கச் சொல் சில்லறை வியாபாரம் செய்வதைக் குறிக்கிறது. திராட்சரசத்தில் தண்ணீர் கலந்து விற்கும் வியாபாரியின் வாடை அந்தச் சொல்லில் உண்டு. நம் பழைய மொழிபெயர்ப்பு 'கலப்பாய்' என்று போட்டது எவ்வளவு பொருத்தம்! பாலில் தண்ணீர் கலப்பவர் பாலை மறுப்பதில்லை.

அப்படியென்றால் வசனம் வசனமாக விளக்கிப் பிரசங்கிக்கும் சபையில் இந்த ஆபத்து இல்லைதானே?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சியாட்டலில் இருந்த மார்ஸ் ஹில் சபை என் எண்ணத்தை மாற்றியது. மார்க் டிரிஸ்கல் அங்கே வேதப் புத்தகங்களை வரிசையாக, மணிக்கணக்கில் விளக்கினார். பாவம், நியாயத்தீர்ப்பு எதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் 2014-இல் ஒரு செய்தி வெளிவந்தது. அவருடைய புத்தகம் அதிகம் விற்கும் புத்தகங்களின் பட்டியலில் ஏறுவதற்காக, சபையின் பணத்தில் 2 லட்சம் டாலருக்கும் மேல் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அது ஞானமில்லாத செயல் என்று சபையே ஒப்புக்கொண்டது. அதிகாரத்தைப் பயன்படுத்திய விதம் பற்றிய புகார்களும் சேர்ந்துகொள்ள, அவர் அந்த வருடம் அக்டோபரில் விலகினார். சில வாரங்களில் சபையைக் கலைக்கப்போவதாக அறிவித்தார்கள்.

சந்தைக்குள் உபதேசமும் ஒரு சரக்காகலாம். 'எங்களிடம்தான் கலப்படமில்லாதது கிடைக்கும்' என்பதும் ஒரு விளம்பர வாசகம்தான். போதகரின் முகம் சபையைவிடப் பெரிதாகும்போது, அவர் பேசும் வசனம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

செழிப்பு உபதேசமும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல, உறவு உண்டு. செழிப்பு உபதேசம் வாங்குகிறவனுக்கு நேரடியாகப் பொருளையே வாக்களிக்கிறது. 1980-களில் ஜிம் பேக்கர் என்ற தொலைக்காட்சிப் போதகர் தென் கரோலினாவில் 'ஹெரிடேஜ் யு.எஸ்.ஏ.' என்ற கிறிஸ்தவக் கேளிக்கைப் பூங்காவை நடத்தினார். ஆயிரம் டாலர் காணிக்கை கொடுத்தால் வருடத்துக்கு மூன்று இரவு அங்கே விடுதியில் தங்கலாம், வாழ்நாள் முழுவதும். இருந்த அறைகளுக்குப் பொருந்தாத எண்ணிக்கையில், பல்லாயிரம் பேரிடம் அதை விற்றார்கள். 1989-இல் மோசடிக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார். சிறையில் வேதத்தை முழுவதுமாக வாசித்தபோதுதான், செழிப்புக்காகத் தான் எடுத்தாண்ட வசனங்களை முன்பின் பார்க்காமல் எடுத்திருந்தது தெரிந்ததாக 1996-இல் அவரே எழுதினார். அந்த வாக்குமூலத்தை மறக்கக் கூடாது. தேவபக்தியை ஆதாயத்தொழிலாக எண்ணுகிறவர்களைப் பற்றி 1 தீமோத்தேயு 6-இல் எச்சரிப்பு அப்போதும் இருந்தது, அவருடைய மேஜைமேல் இருந்த வேதாகமத்திலேயே.

பெரிய சபை என்றாலே தப்பா?

இல்லை. பெந்தெகொஸ்தே நாளில் ஏறக்குறைய மூவாயிரம் பேர் சேர்க்கப்பட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டு லண்டனில், பிரசங்கியார் ஸ்பர்ஜனின் 'மெட்ரோபாலிட்டன் டேபர்னகிள்' ஆலயத்தில் வாரந்தோறும் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். ஐம்பது பேர் உள்ள சபையிலும் காணிக்கை அதிகம் போடும் குடும்பத்துக்குப் பயந்து போதகர் வாயை மூடிக்கொள்வதுண்டு. மேலே நான் குறை சொன்ன ரிக் வாரன், தன் புத்தகம் கோடிக்கணக்கில் விற்றபோது, சபை அதுவரை கொடுத்த 25 வருடச் சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

பாட்டு, விளக்கு, புகை, பெரிய திரை இதெல்லாம்?

கருவிகளைப் பற்றிச் சண்டை போட எனக்கு விருப்பமில்லை. ஆர்மோனியமும் ஒரு காலத்தில் புதிதாக வந்ததுதான். நான் பார்ப்பது வேறு. சங்கீதப் புத்தகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. கடைசிவரை விடிவதில்லை. நம் ஞாயிறு பாடல் வரிசையில் அப்படி ஒன்றுக்கு இடம் இருக்கிறதா? வேலை போனவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவரும் அதே கூட்டத்தில்தான் கைதட்டிக்கொண்டு நிற்கிறார்கள். உற்சாகம் மட்டுமே விற்கும் என்று முடிவு செய்துவிட்டால், அவர்களுக்காக ஆவியானவர் எழுதிவைத்த ஜெபங்களை அவர்களிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறோம்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை. நம் ஊருக்கு என்ன தொடர்பு?

நேரடியான ஒரு தொடர்பு உண்டு, அது நம்மைச் சுடும். 'சபை வளர்ச்சி' இயக்கத்தின் தந்தை என்று சொல்லப்படும் டொனால்ட் மக்காவ்ரன் 1897-இல் மத்திய இந்தியாவின் தமோ என்ற ஊரில் பிறந்தவர். இந்தியாவில் பல ஆண்டுகள் மிஷனரி. மக்கள் கூட்டம் கூட்டமாக, தங்கள் சாதி உறவுகளோடு விசுவாசத்துக்கு வருவதை இங்கே கவனித்தார். இனம், மொழி, வர்க்கம் என்ற தடைகளைத் தாண்ட வேண்டியிராதபோது மனிதர் எளிதாகக் கிறிஸ்தவராகிறார்கள் என்ற கருத்தை வகுத்தார். 1965-இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர் செமினரியில் இதற்காக ஒரு கல்விப் பிரிவையே தொடங்கினார். அந்தக் கருத்து அமெரிக்கப் புறநகருக்குப் போனபோது, ஒரே வயது, ஒரே வருமானம், ஒரே ரசனை உள்ளவர்களைக் குறிவைக்கும் உத்தியானது.

அவர் கவனித்தது உண்மையாக இருக்கலாம். மனிதர் அப்படித்தான். ஆனால் எபேசியர் 2, பிரிவினையாகிய நடுச்சுவரைக் கிறிஸ்து தகர்த்தார் என்கிறதே, அந்தச் சுவரை மறுபடி எழுப்ப நமக்கு ஏது அனுமதி? தமிழ்ச் சபைக்கு இது ஏட்டுக் கேள்வியில்லை. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-இல், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே, முற்றிலும் விட்டுவிட வேண்டும் என்று தென்னிந்திய மிஷன்களுக்கு எழுதினார். தனி இருக்கைகளும், திருவிருந்தில் முன்பின் வரிசையும் அதுவரை இருந்தன. சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் கடும் எதிர்ப்பு. பலர் சபையைவிட்டே போனார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அது தோல்வி. பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடமும் தரித்திரனுக்குப் பாதபடியண்டை இடமும் கொடுக்காதே என்ற யாக்கோபு 2-ஐப் பார்த்தால் வேறு கணக்கு வரும்.

எனக்கு என் சபை பிடிக்கவில்லை. மாறலாமா?

சில காரணங்களுக்காக மாறத்தான் வேண்டும். சுவிசேஷம் பிரசங்கிக்கப்படாத இடம், பணக்கணக்கைக் கேட்டால் "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று மிரட்டும் இடம், பெண்களோ பிள்ளைகளோ பாதுகாப்பாக இல்லாத இடம். அங்கே பொறுமையாக இருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

மற்றபடி, பாட்டு பழசு, பார்க்கிங் இல்லை, பிரசங்கம் நீளம், யாரும் என்னை விசாரிக்கவில்லை என்பதற்காகவா? கடைசியாகச் சொன்னது வலிக்கும், அதை லேசாக எண்ணவில்லை. ஆனால் போவதற்கு முன், அந்த மாதத்தில் நீங்கள் யாரை விசாரித்தீர்கள் என்று பாருங்கள். சபையில் உங்களுக்குப் பிடிக்காத ஒருவரோடு ஒரே அப்பத்தில் பங்குபெறுவது கஷ்டம்தான். அந்தக் கஷ்டத்தின் வழியாகத்தான் என் கோபத்தில் பாதி கரைந்தது.

நான் போதகர். எல்லாவற்றையும் பிரசங்கித்தால் மக்கள் போய்விடுவார்களே?

சிலர் போவார்கள், ஐயா. யோவான் 6-இல் ஐயாயிரம் பேர் அப்பம் சாப்பிட்டார்கள். மறுநாள் ஜீவ அப்பத்தைப் பற்றிப் பேசியதும் "இது கடினமான உபதேசம்" என்று சீஷரில் அநேகரே பின்வாங்கினார்கள். இயேசு அவர்களுக்காகச் செய்தியை மாற்றவில்லை. பன்னிருவரிடமும் "நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ" என்றுதான் கேட்டார்.

இன்னொன்று, மக்களைப் பிடித்துவைப்பதாக நாம் நம்புகிறவையும் கடைசிவரை பிடித்துவைப்பதில்லை. ஷுல்லரின் கண்ணாடி ஆலயம் 2010-இல் கடன் தாங்காமல் திவாலானது. ஆரஞ்சு மறைமாவட்டக் கத்தோலிக்கர்கள் 57.5 மில்லியன் டாலருக்கு வாங்கி, இன்று அங்கே பூசை நடத்துகிறார்கள்.

நடைமுறையில் ஒன்று செய்யலாம். வருடக் கடைசியில், பிரசங்கித்த வேதபகுதிகளை ஒரு தாளில் எழுதி மூப்பர்களோடு உட்கார்ந்து பாருங்கள். எந்தப் புத்தகம் வரவேயில்லை? ஏன்? எபேசு மூப்பரிடம் பவுல், தேவனுடைய ஆலோசனையில் ஒன்றையும் மறைத்துவைக்கவில்லை என்று சொன்னாரே, அந்த வாக்கியத்தை நாம் எந்த அளவுக்குச் சொல்ல முடியும் என்று தெரிந்துபோகும். முதல் முறை பார்க்கும்போது சங்கடமாகத்தான் இருக்கும்.

விசுவாசியாக நான் எங்கிருந்து தொடங்கலாம்?

ஆமோஸ். ஒன்பதே அதிகாரம், ஒரே உட்காரலில் சத்தமாக வாசித்துவிடலாம். எட்டாம் அதிகாரத்தில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். ஐந்தாம் வசனத்தில் வியாபாரிகள், ஓய்வுநாள் எப்போது முடியும், நாங்கள் எப்போது கோதுமை விற்கலாம் என்று ஆராதனை நேரத்திலேயே கடையை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியே பதினோராம் வசனத்துக்கு வாருங்கள். தேசத்தின்மேல் ஒரு பஞ்சம் வருகிறது. ஆகாரக்குறைவினாலான பஞ்சமல்ல, ஜலக்குறைவினாலான தாகமுமல்ல. கர்த்தருடைய வசனம் கேட்கக் கிடைக்காத பஞ்சம்.